விசிறிகளை அமர்த்தும் விசை

என் விசைப்பலகையின் மேல் வரிசையில் ஒன்பதாவது விசையின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கிறது. நகப்பூச்சால் நானே வைத்தது. இப்போது பாதி உரிந்துவிட்டது. அதை வைத்த நாளில் என்னைப் பற்றி எனக்கு மிக நல்ல எண்ணம் இருந்தது.

எங்கள் வீடு உப்புநீர் ஏரியான கற்பிட்டிக் களப்பின் கரையில் இருக்கிறது. பின்கதவைத் திறந்தால் சிறிய முற்றம், அதற்கப்பால் வேலி, வேலிக்கு அப்பால் தண்ணீருக்குள் வேர்விட்டு நிற்கும் கண்டல் மரங்கள். கண்டலுக்குள் அப்பா வெட்டிவைத்த வழியின் முடிவில் வள்ளம் ஒதுங்கும். வீட்டிலிருந்து பார்த்தால் வள்ளம் தெரியாது. சத்தம் மட்டும் கேட்கும்.

அப்பா நண்டு வலைக்காரர். முதல் நாள் மாலையில் போட்ட வலையை விடியுமுன் போய்த் தூக்கி, ஆறு மணியளவில் கரைக்கு வருவார். தனியாகத்தான் போவார். ஆனால் வலையில் சிக்கிய நண்டைக் கழற்ற இரண்டு பேர் வேண்டும். உயிரோடு கழற்ற வேண்டும், காலும் கொடுக்கும் முறியக் கூடாது. அதனால் அவர் வந்து சேரும்போது அம்மா கரையில் நிற்க வேண்டும். களப்பில் வழிக்கு அடையாளமாக நட்ட கடைசிக் கம்பைத் தாண்டியதும் அப்பா இயந்திரத்தை இரண்டு தரம் உறும விடுவார். சண்டைக் காலத்தில் பழகிய பழக்கம் அது. அப்போது களப்பில் ஏதாவது இயந்திரச் சத்தம் கேட்டால் யார் வருகிறார்கள் என்று ஊரே பயந்தது. வருவது நான்தான் என்று வீட்டுக்குச் சொல்லத்தான் அந்த இரண்டு உறுமல். சண்டை முடிந்தது. உறுமல் முடியவில்லை. அது கேட்டதும் அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு, நண்டு போடும் தகரப் பேசினையும் தேத்தண்ணிப் போத்தலையும் எடுத்துக்கொண்டு இறங்குவார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பா மூன்றாம் வகுப்பு. அம்மா ஒரு வகுப்பும் இல்லை. கோவிலில் கையெழுத்து வைக்க வேண்டிய இடங்களில் பெருவிரலை வைப்பார். நான் பல்கலைக்கழகத்தில் கணினி படித்துப் பட்டம் எடுத்தேன். கொழும்பில் ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. இன்னும் கட்டப்படாத வீடுகளையும் ஹோட்டல்களையும் கட்டி முடித்ததுபோலப் படமாக்கிக் கொடுப்பது அந்த நிறுவனத்தின் வேலை. இதையெல்லாம் நான் அடக்கத்தோடு சொல்லப் போவதில்லை. இந்த இடத்துக்கு வர என்ன பட்டேன் என்று எனக்குத் தெரியும்.

நோய்க் காலத்தில் அலுவலகத்தை மூடியபோது வேலைக் கணினியைப் பெட்டியில் போட்டு ஒரு வான் வண்டியில் வீட்டுக்கே அனுப்பினார்கள். பிறகு திரும்ப வரச் சொல்லவில்லை. அம்மா அலுமாரியை நகர்த்தி, சமைக்கும் குசினிக்கு அடுத்த அறையில், பின்கதவுக்குப் பக்கத்தில் அதற்கு இடம் செய்து கொடுத்தார். வீட்டில் காற்று வரும் ஒரே இடம் அதுதான்.

முதல் முறை அதை முழு வேகத்தில் ஓடவிட்டபோது அப்பா குசினியிலிருந்து எழுந்து வந்தார்.

"என்ன புள்ள இது, உன்ட இஞ்சின் எத்தின குதிரை? என்டது பதினஞ்சு."

"இது இஞ்சின் இல்லப்பா. சூட்டை வெளிய தள்ளுற ஃபேன்."

"தண்ணி எங்கால அடிக்குது?"

வள்ளத்து இயந்திரம் களப்புத் தண்ணீரை உறிஞ்சித் தன்னைக் குளிரவைத்து, ஒரு சிறு துளையால் வெளியே பீச்சும். அந்தத் தண்ணீர் வருகிறதா என்று பார்க்காமல் அப்பா ஒருநாளும் கரையை விட்டதில்லை.

"தண்ணி இல்லப்பா. காத்துத்தான்."

"காத்தில ஆறுற இஞ்சினா? அப்ப இது நோஞ்சான்" என்றார்.

பக்கத்து வீட்டு அன்ரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன, அரிசி மில் போட்டிருக்கிறீங்களோ? எங்கட நெல்லையும் கொண்டு வரட்டா?" என்று கேட்டார்.

சிரித்தோம். அந்த நேரத்தில் அது சிரிப்பாகத்தான் இருந்தது.

பிறகு நாட்டில் எல்லாம் இல்லாமல் போன காலம் வந்தது. மண்ணெண்ணெய் இல்லை. பெற்றோல் இல்லை. கேஸ் இல்லை. ஒருநாளில் பல மணித்தியாலம் கரண்ட் இல்லை. ஒரு படத்தைக் கணினி வரைந்து முடிக்க நான்கைந்து மணித்தியாலம் ஆகும். எங்கள் பக்கத்தில் தொடர்ந்து அவ்வளவு நேரம் கரண்ட் இருந்தது விடியலை ஒட்டிய வேளையில்தான். வேலையை அப்போது தொடக்கிவிட்டு, காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு படுப்பேன். எட்டு மணிக்கு எழும்பினால் படம் தயாராக இருக்கும்.

அம்மா காது கொடுத்துக் காத்திருப்பதும் அதே வேளையில்தான். வள்ளத்து இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் கிடைத்த நாட்களில் மட்டும் அப்பா போனார். மற்ற வள்ளங்கள் அனேகமாகக் கரையில் கிடந்தன. கேஸ் இல்லாததால் அம்மா ஈர விறகை ஊதிக்கொண்டு அடுப்படியை விட்டு நகர முடியாமல் இருந்தார். அடுத்த அறையில் என் இயந்திரம் இரைந்தது.

"புள்ள, அப்பா வாற சத்தம் கேக்குதில்ல" என்று ஒருநாள் சொன்னார். "இண்டைக்கு நான் போகக்குள்ள அவர் தனியா கழட்டிக்கொண்டிருந்தவர். ஒண்டும் சொல்லல்ல. ஆனா மூஞ்சி சரியில்ல."

"நான் பாக்கிறன் அம்மா" என்றேன். உண்மையில் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. நான் படித்த படிப்பால் என் வீட்டில் தீரக்கூடிய முதல் பிரச்சினை அது.

மூன்று நாள் அதைப் பற்றியே வாசித்தேன். விசிறிகளைக் கட்டுப்படுத்த மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, கணினி முழுதாக விழிப்பதற்கு முன் ஒரு விசையை அழுத்தினால் திறக்கும் பயாஸ் என்ற அமைப்பு. உறுதியானது. அதற்கு மேல் எந்த மென்பொருளும் தேவையில்லை, எதுவும் இடையில் நின்றுபோகாது. ஆனால் அது நடுச் செயலியின் சூட்டை மட்டும்தான் பார்க்கும். என் வேலையில் சூடாவது வரைகலை அட்டை. அட்டை கொதிக்கும்போது பெட்டியின் விசிறிகள் சும்மா இருக்கும், செயலி ஒரு கணம் சூடானால் எல்லாம் சேர்ந்து கத்தும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கணினியை நிறுத்தித் தொடக்கவும் வேண்டும்.

இரண்டாவது, தாய்ப்பலகையைச் செய்த நிறுவனமே கொடுக்கும் மென்பொருள். இறக்கவே என் டேட்டாவில் பாதி போனது. கணக்குத் திற என்றது. மின்னஞ்சல் கேட்டது. பெட்டிக்குள் எரியும் விளக்குகளுக்கு எந்த நிறம் வேண்டும் என்று கேட்டது. தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்ட ஒரு காலையில் எல்லா விசிறியையும் முழு வேகத்துக்கு ஏற்றிவிட்டு உறைந்து நின்றது. அன்றே நீக்கினேன்.

மூன்றாவது, யாரோ ஒருவர் தனியாக எழுதி இலவசமாக விட்டிருந்த சிறிய நிரல். ஒவ்வொரு விசிறிக்கும் ஒரு கட்டம், ஒவ்வொரு சூடுமானிக்கும் ஒரு கட்டம். எந்த விசிறி எந்தச் சூட்டைக் கேட்க வேண்டும் என்று நாமே சொல்லலாம். இந்தச் சூட்டுக்கு இந்த வேகம் என்று ஒரு கோடாக வரையலாம். ஏறுவது மெதுவாக ஏற வேண்டும், இறங்கச் சற்றுத் தாமதிக்க வேண்டும் என்றும் சொல்லலாம். அப்போது விசிறி மூச்சிரைப்பது போலக் கூடிக் குறையாது. குறை ஒன்று இருந்தது. ஒரு விசிறிக்கு இதுதான் வேகம் என்று நாம் கட்டிவைத்துவிட்டால் அது அந்த வேகத்திலேயே நிற்கும். உள்ளே என்ன எரிந்தாலும் தானாக ஏறாது. அந்த எச்சரிக்கையை நிரலை எழுதியவரே முதல் பக்கத்தில் போட்டிருந்தார். வாசித்தேன்.

நிறுவனத்தின் கணினிப் பொறுப்பாளரிடம் அனுமதி கேட்டேன். அவர் சிங்களத்தில், "போட்டுக்கொள்ளுங்கள் மிஸ். ஆனால் மெஷினுக்கு ஏதும் நடந்தால் பொறுப்பு உங்களுடையது" என்றார். நல்லது என்றேன்.

கோடுகளை வரைந்து பார்த்தேன், அழித்தேன், திரும்ப வரைந்தேன். பாதிக்குப் பாதி சத்தம் குறைந்தது. அதற்கு மேல் குறையவில்லை. எங்கள் வெக்கையில், உப்புப் புழுதியில், அந்த அட்டை முழு வேலை செய்யும்போது காற்று வேண்டும். எந்தக் கோடு வரைந்தும் அதை மாற்ற முடியாது. அதனால்தான் விசை யோசனை வந்தது. நிரலில் இரண்டு அமைப்புகளைச் சேமித்தேன். ஒன்றுக்கு 'வேலை' என்று பெயர் வைத்தேன், மற்றதற்கு 'அம்மா' என்று வைத்தேன். 'அம்மா'வில் எல்லா விசிறியும் ஆகக் குறைந்த வேகத்தில் நிற்கும். ஒன்பதாவது விசையை ஒரு தரம் அழுத்தினால் 'அம்மா'வுக்குப் போகும், இன்னொரு தரம் அழுத்தினால் 'வேலை'க்குத் திரும்பும்.

'அம்மா'வின் கோட்டை நேர்கோடாக வைத்தேன். சூடு எவ்வளவு ஏறினாலும் அந்தக் கோடு ஏறாது. கடைசியில் கொஞ்சம் உயர்த்தியிருக்கலாம், சூடு எல்லை மீறினால் தானாக வேகம் கூடும். ஆனால் அப்பா வரும் நேரம் பார்த்து அது இரையத் தொடங்கினால் என்ன செய்வது? அம்மா கேட்கப் போவது ஐந்து நிமிடம், பத்து நிமிடம். அவ்வளவு நேரத்துக்கு ஒன்றும் ஆகாது என்று கணக்குப் போட்டேன்.

நகப்பூச்சால் புள்ளி வைத்து, அம்மாவைக் கூப்பிட்டு விரலைப் பிடித்து அழுத்திக் காட்டினேன். விசிறிகள் இறங்கின. அறை அப்படியே அடங்கியது. தூரத்தில் ஒரு காகம் கத்தியது கேட்டது.

அம்மா என்னைப் பார்த்தார். "இவ்வளவும் இந்த ஒரு குமிழிலயா?"

"ஓம். திருப்பி அமத்தினா பழையபடி கத்தும்."

அவர் திருப்பி அழுத்தினார். கத்தியது. மறுபடி அழுத்தினார். அடங்கியது. நாலைந்து தரம் செய்துவிட்டுச் சிரித்தார். "நான் சொன்னாக் கேக்கிற ஆள் இந்த வீட்டில இது ஒண்டுதான்."

இரண்டு மாதம் அது ஒழுங்காக நடந்தது. ஆறு மணிக்குச் சற்று முன் அம்மா வந்து புள்ளியை அழுத்துவார். அடுப்படிக்குப் போய் இருப்பார். இரண்டு உறுமல் கேட்டதும் வந்து மறுபடி அழுத்திவிட்டுக் கரைக்குப் போவார்.

ஒரு புதன்கிழமை அப்பாவுக்கு நல்ல பாடு. வலை முழுக்க நண்டு. உறுமலோடு சேர்த்துக் கூப்பிடவும் செய்திருக்கிறார். அம்மா பேசினைத் தூக்கிக்கொண்டு அப்படியே ஓடிவிட்டார். நான் எழும்பியபோது கணினி அணைந்திருந்தது. பெட்டியில் கை வைக்க முடியவில்லை. அன்று மதியம் கொடுக்க வேண்டிய படம், ஒரு ஹோட்டலின் நீச்சல் குளம், பாதியில் போய்விட்டது.

பொறுப்பாளர் தூரத்திலிருந்தே என் கணினிக்குள் வந்து பார்த்தார். சூட்டில் அணைந்திருக்கிறது என்று கண்டுபிடித்தார். "உங்களைத் தவிர வேறு யாராவது இதைத் தொடுகிறார்களா?" என்று கேட்டார்.

"இல்லை. யாரும் இல்லை" என்றேன்.

"இன்னொரு தரம் இப்படி நடந்தால் மெஷினைத் திருப்பி எடுப்பம் மிஸ்."

கணினியைத் திருப்பி எடுத்தால் வேலை இல்லை. அப்பா வாரத்தில் மூன்று நாள் தொழிலுக்குப் போனால் அதிகம் என்ற காலத்தில் என் வேலையில்தான் வீடு நடந்தது. அது எனக்குப் பயமாக இருந்தது என்று சொன்னால் பாதிதான் உண்மை. அவமானமாக இருந்தது. ஒரு கணினியை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியாத மீன்பிடி வீட்டுப் பெண் என்று அவர் நினைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது.

அம்மா நண்டுக் கையோடு உள்ளே வந்தார்.

"திருப்பி அமத்த வேணும் எண்டு எத்தின தரம் சொன்னன்?"

"நண்டு கூட புள்ள. அப்பா கூப்பிட்டவர். மறந்திட்டன்."

"இது விளையாட்டுச் சாமானில்ல அம்மா. உங்களுக்கு இதெல்லாம் விளங்காது."

அம்மா கையைக் கழுவப் போனார். அப்பா வாசற்படியிலிருந்து என்னைப் பார்த்தார்.

"அவளுக்கு விளங்காதெண்டா நீ ஏன் அவள்ட கையில குடுத்த?"

நான் திரைப் பக்கம் திரும்பினேன்.

அடுத்த நாள், வியாழக்கிழமை, நிரலைத் திறந்தேன். சரியான வழி எது என்று எனக்குத் தெரியும். 'அம்மா'வின் கோட்டைக் கடைசியில் உயர்த்தி, பத்து நிமிடத்தில் தானாக 'வேலை'க்குத் திரும்ப ஒரு சின்னக் கட்டளை எழுத வேண்டும். அரை மணித்தியால வேலை. ஆனால் நீச்சல் குளத்தைத் திரும்ப வரைய வேண்டியிருந்தது, கோபமும் இருந்தது. விசைக்கும் நிரலுக்கும் இருந்த தொடர்பை அறுத்துவிட்டேன். இரண்டு சொடுக்கு. ஞாயிற்றுக்கிழமை ஆறுதலாகச் சரியாகச் செய்யலாம் என்று நினைத்தேன்.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுபடியும் அந்தக் கதை வரும். நான் ஏசிய பிறகு அவர் அதைத் தொடமாட்டார் என்றும் நினைத்தேன்.

அது நடந்தது சனிக்கிழமை காலையில்.

நான் காதில் பஞ்சோடு தூங்கிக்கொண்டிருந்தேன். என்னை உலுக்கி எழுப்பியது அம்மாவின் கை. அதில் சேறு இருந்தது. வாய் அசைந்தது. பஞ்சை இழுத்தெடுத்த பிறகுதான் அவர் கத்துகிறார் என்று தெரிந்தது.

வள்ளம் கண்டல் வேருக்குள் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. இயந்திரம் அணைத்திருந்தது, ஒழுங்காகத் தூக்கியும் வைத்திருந்தது. அப்பா வலைக் குவியலின் மேல் சரிந்து கிடந்தார். கண் திறந்திருந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கை வலைக்குள் சிக்கியிருந்தது, அதை எடுக்க அவர் முயலவில்லை. பேசினில் பாதி நண்டு கழற்றிப் போட்டிருந்தது. அம்மா வருவார் என்று பார்த்திருக்கிறார். வராததால் தனியாகத் தொடங்கியிருக்கிறார்.

அன்ரியின் புருஷன் ஓடி வந்தார். அவருடைய ஓட்டோவில் ஒரு சொட்டு பெற்றோல் இல்லை. அப்பாவை அவருடைய வள்ளத்திலேயே, வலைக்கு மேல் பாயைப் போட்டுக் கிடத்தி, அப்பா மிச்சம் வைத்திருந்த மண்ணெண்ணெயில் பட்டணத்துக்குக் கொண்டு போனோம். பேசினை இறக்க யாருக்கும் தோன்றவில்லை. வழி முழுக்க நண்டுகள் என் காலடியில் தகரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தன.

ஆஸ்பத்திரியில் டொக்டர் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். சிங்களத்தில் கேட்டார்: "எத்தனை மணிக்கு இப்படி ஆனது? கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?"

என் சிங்களம் நல்ல சிங்களம். அம்மாவுக்கு அவர் கேட்டதைச் சொன்னேன்.

அம்மா யோசிக்கவே இல்லை. "ஆறு மணிக்கு வந்திருப்பார். வள்ளத்தை ஒழுங்கா விட்டிருக்கிறார், இஞ்சினைத் தூக்கி வச்சிருக்கிறார், அப்ப நல்லாத்தான் இருந்திருக்கிறார். பேசினில கிடந்த நண்டைக் கழட்ட அரை மணித்தியாலம் பிடிச்சிருக்கும். நான் போகக்குள்ள வலையில கிடந்த நண்டு நுரை தள்ளி, நுரையும் காஞ்சிருந்தது. அது காய ஒரு மணித்தியாலம் வேணும். ஆறரைக்கு விழுந்திருக்கிறார் எண்டு சொல்லு."

டொக்டர் பேனாவோடு என்னைப் பார்த்தார். அம்மாவின் சட்டையில் சேறு. கையில் நண்டு வாடை. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நண்டின் நுரையைப் பற்றி நான் இந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று இருந்தது. சத்தம் ஏன் கேட்கவில்லை என்று அடுத்ததாகக் கேட்பார் என்றும் இருந்தது.

"தெரியாதாம்" என்று சிங்களத்தில் சொன்னேன். "காலையில் போய்ப் பார்த்தபோது இப்படிக் கிடந்தாராம்."

அவர் எழுதிக்கொண்டார். அம்மா, தான் சொன்னதெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று தலையை ஆட்டினார்.

அப்பாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். அடுத்த நாள் அங்கே இருந்த டொக்டர் தாளைப் புரட்டிக்கொண்டே, விழுந்த நேரம் தெரிந்திருந்தால், அது சில மணித்தியாலத்துக்கு உட்பட்டிருந்தால், இரத்தக் கட்டியைக் கரைக்கக் கொடுத்துப் பார்க்கக்கூடிய ஓர் ஊசி இருக்கிறது என்றார். நேரம் தெரியாத ஆளுக்கு அதைக் கொடுப்பது ஆபத்து. அப்போதுதான் நான் நண்டைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. திரும்ப ஒருமுறை சொல்லச் சொல்லிக் கவனமாகக் கேட்டார்.

"உங்கள் அம்மா சரியாகத்தான் கணக்குப் பார்த்திருக்கிறார்" என்றார். பிறகு, என் முகத்தைப் பார்த்தோ என்னவோ, "நேரம் தெரிந்திருந்தாலும் ஊசி பொருந்தியிருக்கும் என்று சொல்ல ஏலாது. ஸ்கேன் எடுக்க வேண்டும், தூரமும் இருக்கிறது" என்றார். அந்த இரண்டாவது வாக்கியத்தை நான் பல தடவை எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறேன். அது எனக்கு உதவவில்லை.

அப்பா உயிரோடு வீட்டுக்கு வந்தார். வலது பக்கம் வரவில்லை. பேச்சும் வரவில்லை.

கணினி நன்றாக இருந்தது. அந்தச் சனிக்கிழமை ஓடிய வேலையை முழுதாக முடித்து, நீச்சல் குளத்தின் இன்னொரு படத்தைத் திரையில் வைத்துக்கொண்டு காத்திருந்தது. நிரல் தன் பாட்டில் எழுதிவைக்கும் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். நான்கு மணியிலிருந்து எட்டு மணி வரை சூடு, வேகம், எல்லாம் நிமிடம் நிமிடமாக இருந்தது. ஆறு மணிக்கு விசிறிகள் முக்கால் வேகத்துக்கும் மேலே. ஏற்றம் இறக்கம் இல்லாத, நான் வரைய நினைத்த மாதிரியே வந்த அழகான கோடு.

சில வாரம் கழித்து, அப்பாவுக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தபோது, அம்மா தானாகச் சொன்னார்.

"அண்டைக்கு நான் அமத்தினன் புள்ள. அடங்கல்ல. அழுத்தம் காணாதாக்கும் எண்டு திருப்பி அமத்தினன். பிறகு யோசிச்சன், ரெண்டு தரம் அமத்தினா பழையபடி கத்தும் எண்டு நீ சொன்னதானே. அப்ப மூண்டாந்தரமும் அமத்தினன். உன்னை எழுப்புவம் எண்டு கட்டிலடிக்கு வந்தன். ஏசுவாய் எண்டு போயிட்டன். அடுப்பும் அணைஞ்சு அணைஞ்சு போச்சு. பிறகு வெளிய வந்து பாத்தா ஒரு சத்தமும் இல்ல. எண்ணெயை மிச்சம் பிடிக்கத் தாங்குக் கம்பால தள்ளிக்கொண்டு வாறாராக்கும் எண்டு இருந்திட்டன்."

நான் சொன்னேன். எல்லாவற்றையும் அல்ல, விசையைப் பற்றி மட்டும். "அது வேலை செய்யாதம்மா. நான்தான் கழட்டி விட்டன்."

கஞ்சிக் கரண்டி அப்பாவின் வாய்க்குப் பக்கத்தில் நின்றது.

"எப்ப?"

"வியாழக்கிழமை."

அம்மா அப்பாவின் வாயைத் துடைத்தார். "வெள்ளிக்கிழமையும் அமத்தினன். அண்டைக்கும் அடங்கல்ல. என்ட கைப் பிழையெண்டு நினைச்சன்."

பிறகு அடுத்த கரண்டிக் கஞ்சியை அள்ளினார். ஏசியிருந்தால் நான் எதையாவது சொல்லியிருப்பேன். ஆஸ்பத்திரியில் நான் மொழிபெயர்க்காமல் விட்டதை அவருக்கு இன்றுவரை சொல்லவில்லை. அவர் வாசிக்க மாட்டார் என்பதால்தான் அதை இங்கே எழுத முடிகிறது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

அன்று மத்தியானம் அந்த அரை மணித்தியால வேலையைச் செய்தேன். 'அம்மா'வின் கோட்டைக் கடைசியில் உயர்த்தினேன். பத்து நிமிடத்தில் தானாகத் திரும்பும் கட்டளையை எழுதினேன். ஒன்பதாவது விசையைத் திரும்ப இணைத்தேன். ஐந்து தரம் சோதித்துப் பார்த்தேன். பிழையே இல்லை. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இப்ப மறந்தாலும் பரவாயில்லம்மா. அதுவே திரும்பும்."

"விடு புள்ள" என்றார். "கத்தட்டும். எனக்கு இனிக் கேக்க என்ன இருக்கு?"

அவர் அந்த விசையைப் பிறகு தொடவே இல்லை.

அப்பாவின் கதிரை என் மேசைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. வீட்டில் காற்று வரும் ஒரே இடம் அதுதான். விடியுமுன் அம்மா அவரை அதில் இருத்திவிடுவார், பகலெல்லாம் நான் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார். மண்ணெண்ணெய் மறுபடி வரத் தொடங்கி, மற்ற வள்ளங்கள் களப்பில் ஓடத் தொடங்கிய ஒரு காலையில், ஆறு மணிக்குச் சற்று முன், விசிறிகள் சட்டென்று இறங்கிய அமைதியில் நான் விழித்தேன். அப்பா விழுந்த பிறகு நான் காதில் பஞ்சு வைப்பதில்லை. அப்பா இடது கையை நீட்டிப் புள்ளியின் மேல் விரலை வைத்திருந்தார். முகத்தைப் பின்கதவுப் பக்கம் திருப்பியிருந்தார். களப்பிலிருந்து ஒரு இயந்திரம் கேட்டது. பிறகு இன்னொன்று. ஒவ்வொன்றும் கடைசிக் கம்புக்குப் பக்கத்தில் வரும்போது அவர் தலை கொஞ்சம் நிமிர்ந்தது.

இப்போது ஒவ்வொரு காலையும் அழுத்துகிறார். பத்து நிமிடத்தில் விசிறிகள் திரும்ப எழும்பும், அவர் மறுபடி அழுத்துவார். அது அடங்கியதும் குசினியில் அம்மா எழும்பி வந்து, எங்கள் இருவரையும் பார்க்காமல், பின்கதவைச் சாத்திவிட்டுப் போகிறார்.